கதவு தட்டினால்தான் விடியும்

பெட்டியைத் திருப்பி வாங்க வந்தவனை வடிவு வாசல்படி தாண்ட விடவில்லை.

"அக்கா, இது என் வேலை. ஆள் போயிட்டா பெட்டியை ஆபீஸ்ல சேர்க்கணும்," என்றான் இன்பராஜ். நலநீர்த் திட்டம் என்று அச்சடித்த சட்டை வியர்வையில் அவன் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஆள் போயிட்டாளா? எங்க போனா? பஸ் ஏறி மெட்ராஸ் போயிட்டாளா?"

"அக்கா..."

"செத்துப் போனான்னு சொல்லு. உன் வாயில வராதோ?"

இறந்தவள் மாரிக்கனி, வடிவின் உடன்பிறந்த அக்காள். அவளை எரித்த சாம்பல்கூட இன்னும் முழுதாக ஆறவில்லை. அதற்குள் இவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மாரிக்கனியோடு அதே நாளில் கீழத்தெரு ஞானமும் செல்லையாவும் போனார்கள். மூன்று பேருக்கும் இடுப்பில் ஒரே மாதிரிப் பெட்டி. மூன்று பெட்டியும் ஒரே விடியலில் நின்றுபோயின.

வெள்ளோடைக் காலனியில் உப்பளத்துக்குப் போகாத வீடு கிடையாது. வருஷத்துக்கு வருஷம் வெயில் கூடிக்கொண்டே போனது. கண்ணைக் குத்தும் வெள்ளைப் பாத்திகளில் குனிந்து நின்றவர்களின் சிறுநீரகங்கள் முப்பது வயதுக்குள்ளேயே சுருங்கிப் போயின. அப்போதுதான் திட்டம் வந்தது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெட்டி. ரத்தத்தைத் தானே சுத்தம் செய்யும். எவ்வளவு நீரை எடுக்க வேண்டும், எவ்வளவு உப்பை விட வேண்டும் என்ற அளவு காலையிலும் பொழுது சாயும்போதும் திட்டத்தின் இணையதளத்திலிருந்து வரும். அளவு வந்தால் பச்சை விளக்கு. வராவிட்டால் சிவப்பு. தப்பான அளவில் ஓடி ஆளைக் கொல்வதைவிட நின்றுவிடுவதே நல்லது என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

வடிவின் புருஷன் உச்சிமாகாளியின் இடுப்பிலும் அந்தப் பெட்டி இருந்தது. பெட்டிகள் நின்றுகிடந்த இரண்டு நாளில் அவன் கால் இரண்டும் புளிமூட்டை மாதிரி வீங்கி, மூச்சு விசிலடித்து, சாவின் வாசல் வரை போய்த் திரும்பியிருந்தான். இப்போது உள்ளே பாயில் படுத்தபடி வாசல் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவன்கிட்ட ஏன்ட்டி மல்லுக்கு நிக்க? உள்ள விடு. தண்ணி குடிக்கட்டும்."

"குடிக்கட்டும். எனக்கு ஒண்ணைச் சொல்லிட்டுக் குடிக்கட்டும். ஏம்ல தம்பி, பெட்டி ஏன் நின்னுச்சு?"

இன்பராஜ் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். அவன் சொன்னால் வேலை போய்விடும் என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் மாரிக்கனி அவனுக்கும் பலமுறை சோறு போட்டவள். அவன் படியிலேயே உட்கார்ந்தான்.

"அந்த ரெண்டு நாளும் நீங்க யாரும் தளத்தைத் திறக்கலைக்கா. அதான்."

"நாங்க திறக்காட்டி என்ன? அது பாட்டுக்கு அது ஓடாதா?"

"ஓடாது. அதுக்குன்னு தனியா கடிகாரம் கிடையாது. ஒரு வாட்ச்மேன் இருக்கான்னு வச்சுக்கோங்க. அவன் தூங்கிட்டே இருப்பான். யாராவது வந்து கதவைத் தட்டினா முழிச்சு மணி பார்ப்பான். 'அடடா, இவ்வளவு நேரம் ஆச்சா'ன்னு பாக்கி வேலையில கொஞ்சத்தைச் செய்வான். மறுபடி தூங்கிருவான். யாருமே தட்டலைன்னா அவனுக்கு விடிஞ்சதே தெரியாது."

வடிவும் அவன் எதிரே படியில் உட்கார்ந்தாள்.

காலனியில் யாரும் அந்தத் தளத்தைப் பெட்டிக்காகத் திறப்பதே இல்லை. குடிதண்ணீர் லாரி எப்போது வரும் என்ற செய்தியும் அதே பக்கத்தில்தான் வரும். விடியும் முன்பே வீட்டுக்கு வீடு திறந்து திறந்து பார்ப்பார்கள். லாரியைத் தேடிய அந்த விரல்கள்தான் வாட்ச்மேனை எழுப்பிக்கொண்டிருந்தன. இது யாருக்கும் தெரியாது.

காலனியில் கொம்பையா என்ற பெரியவர் செத்த அன்று அந்த விரல்கள் நின்றன. சாவு விழுந்தால் பால் தெளிக்கும் வரை யாரும் போனைத் தொடக் கூடாது என்பது காலனியின் கட்டு. பழைய கட்டு அல்ல. சில வருஷங்களுக்கு முன் கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பெண்ணின் உடம்பை எவனோ படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். தகப்பன் அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் புரண்டு அழுதான். அன்றைக்கு ஊர் கூடி வைத்த கட்டு. கோயில் முன்னால் ஒரு பித்தளை அண்டா இருக்கும்; எல்லார் போனும் அதற்குள் போய்விடும். துக்கத்துக்கு வருகிற வெளியூர்க்காரரும் போட்டாக வேண்டும். கொம்பையாவுக்காகவும் அப்படித்தான் போட்டார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்து பயந்து, மாரிக்கனியை உப்பு லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே அவள் போனாள். பால் தெளித்து, அண்டாவிலிருந்து போனை எடுத்து, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒவ்வொருவராகப் பார்க்கப் பார்க்க மிச்சப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. சாமி கண் திறந்தது என்று கும்பிட்டவர்களும் உண்டு.

"அப்போ நாங்க துக்கம் காத்ததுதான் தப்பு?"

"நான் அப்படிச் சொல்லலைக்கா."

"நீ சொல்லலை. உன் வாட்ச்மேன் சொல்லுதான். அவனுக்கு ஒரு கடிகாரம் வாங்கிக் குடுக்க நாதி இல்லையோ?"

"வாங்கவே வேண்டாம். ஒரு வரி எழுதினா போதும். தளம் ஓடுற மிஷின்லயே கடிகாரம் இருக்கு. அதுகிட்டே 'இந்த நேரத்துக்கு நீயே எழுப்பு'ன்னு ஒரு வரி. ஆனா எழுத எனக்கு அனுமதி இல்லை."

உள்ளே உச்சிமாகாளி சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று.

மறுநாள் வடிவு பெண்களைக் கூட்டிக்கொண்டு திட்ட அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே குளிரில் உடம்பு விறைத்தது. திட்ட அதிகாரி சௌதாமினி மேடம் எழுந்து நின்று கும்பிட்டார். எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். குரலில் பிசிறே இல்லை. திட்டுவதற்கு வந்தவர்களுக்கு அதுவே பாதி வாயை அடைத்துவிட்டது. வடிவுக்கு மட்டும் அடைக்கவில்லை.

"விசாரணை அறிக்கை வந்துடுச்சும்மா," என்று மேடம் படித்தார். "பயனர்கள் பக்கத்தைப் பார்வையிடாததால் சில பணிகள் தாமதமாயின."

"தாமதம்னா?"

"கொஞ்சம் நேரம் கழிச்சு..."

"அப்போ எங்கக்கா எப்ப வருவா?"

ஒருத்தி விம்மினாள். மேடம் காகிதத்தை மூடினார்.

"உங்க வலி எனக்குப் புரியுது. இந்தத் தளம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்காக எழுதினது. அங்க ஒரு நிமிஷம்கூட யாராவது வராம இருக்க மாட்டாங்க. அதனால இந்தக் குறை வெளியே தெரியவே இல்லை."

"இப்ப தெரிஞ்சிட்டுல்லா? ஒரு வரியாமே. எழுதுங்க."

மேடத்தின் கண் ஒரு கணம் ஓரமாக நின்ற இன்பராஜைத் தேடியது. அவன் தரையைப் பார்த்தான்.

"அவ்வளவு சுலபம் இல்லம்மா. வெளிப்படையாவே சொல்றேன். எத்தனை பேர் தளத்துக்கு வர்றாங்கன்னு காட்டித்தான் ஒவ்வொரு வருஷமும் இந்தத் திட்டத்தைக் காப்பாத்தறேன். தானா ஓடுற மாதிரி வச்சுட்டா யாரு வருவா? யாரும் வரலைன்னா, மக்களுக்கே வேண்டாத திட்டம்னு மேல இருக்கறவங்க மூடிடுவாங்க. அப்புறம் பெட்டியே இருக்காது. நான் உங்க பக்கம்தாம்மா."

வடிவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் உள்ளே போய்க் குத்தியது. எதிரி என்று சொல்லிவிட்டால் கல்லை எடுக்கலாம். பக்கத்தில் வந்து தோளில் கை போடுகிறவரை என்ன செய்வது?

மேடமே ஒரு வழியும் வைத்திருந்தார். காலனிக்கு ஒரு 'வருகைப் பணியாளர்'. காலையிலும் மாலையிலும் தளத்தைத் திறந்து திறந்து மூட வேண்டும். ஒரு தடவைக்கு நாலைந்து பெட்டிக்குத்தான் அளவு போகும் என்பதால் எல்லாருக்கும் போய்ச் சேரும் வரை விடக் கூடாது. சாவு விழுந்தாலும் நிறுத்தக் கூடாது. சம்பளம் உண்டு.

"நீங்களே செய்யுங்களேன், வடிவு. உங்க வீட்டுக்காரருக்கும் பெட்டி இருக்கே."

வடிவு அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கத்தியை எங்கே வைத்தால் ஆள் நகராது என்று தெரிந்து வைத்த முகமாகத் தெரிந்தது. மேடத்துக்கு அப்படியொரு நினைப்பே இல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் வடிவு கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு வடிவுக்கு உப்பளம் இல்லை. விடியும் முன்பே கோழியைப் போல் எழுந்து உட்கார்ந்து, கட்டைவிரலால் திறந்து மூடி, திறந்து மூடி, எல்லாப் பெயரும் பச்சையானதைப் பார்த்த பிறகுதான் பல் விளக்குவாள். சாயங்காலமும் அதே. லாரி நேரத்தையும் அவளே சொல்லிவிடுவதால் மற்றவர்கள் தளத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். உலை கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தாலும் எழ முடியாது. ஒருநாள் காய்ச்சலில் கண்ணயர்ந்துவிட்டாள். தெருவிலிருந்து நாலு பேர் ஓடிவந்து கதவை இடித்தார்கள்.

"ஏ வடிவு! எங்க மாமாவுக்குச் செவப்பு எரியுது, நீ தூங்குத?"

அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் என்பதே பயமாகிவிட்டது.

"போனையே திறக்கச் சொன்னா என்ன? அது தானா திறந்து மூடாதா?" என்று இன்பராஜிடம் கேட்டாள்.

"எந்திரம் தட்டினா தளம் திறக்காதுக்கா. திருட்டுப் பயன்னு வெளியே தள்ளிரும். மனுஷ விரல்தான் வேணும்."

உச்சிமாகாளி கேலி செய்தே அவளைச் சமாளித்தான். "கடவுள் எனக்குக் கிட்னியை எடுத்துட்டு ஒரு சக்களத்தனைக் குடுத்திருக்கான். எந்நேரமும் உன் மடியிலயே கிடக்கான், பாரு." இன்னொரு நாள் கேலி வரவில்லை. "நான் உசுரோட இருக்கதுக்கு நீ ஒரு மிஷினா ஆயிட்ட, வடிவு. எனக்கு இது பிடிக்கலை."

"வாயை மூடிட்டுக் கிடங்க."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கடைசி ஆறு பெயர் பச்சையாகவில்லை.

சில மாதங்களில் திட்டத்துக்கு விருது கிடைத்தது. மக்கள் அதிகம் விரும்பிப் பயன்படுத்தும் தளம் என்று. வருகைக் கணக்கு மலை மாதிரி ஏறியிருந்தது. அந்த மலை முழுக்கத் தன் கட்டைவிரல்தான் என்று வடிவுக்குத் தெரியும். வெள்ளோடைக்காரர்கள் எங்கள் தளத்தை நேசிக்கிறார்கள் என்று மேடம் மேடையில் பேசியதை உச்சிமாகாளி போனில் போட்டுக் காட்டினான். வடிவு அந்தப் பேச்சைக் கடைசி வரை கேட்டாள். கையில் இருந்த தேங்காய் மூடியைச் சுவரில் அடித்தாள். அது தெறித்துத் தெருவில் விழுந்தது.

அந்த வாரமே பலவேசம் செத்தான். பாத்தியில் வெயிலடித்து விழுந்தவன், பெட்டிக்காரன் அல்ல. அண்டா வெளியே வந்தது. எல்லார் போனும் உள்ளே போயிற்று. வடிவு மட்டும் கோயிலுக்கு எதிர்ப்பக்கம், ஒதுக்கி வைத்த ஆள் மாதிரி, கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். பலவேசம் அவளுக்கு அண்ணன் முறை. அவன் காலடியில் போய் விழுந்து அழ வேண்டியவள்.

பிற்பகலில் கார் வந்து நின்றது. சௌதாமினி மேடம் மாலையோடு இறங்கினார். பின்னாலேயே இன்பராஜும், கேமரா தூக்கிய ஒருவனும்.

"வடிவு, அஞ்சலி செலுத்தத்தான் வந்தேன்," என்று மேடம் அவள் கையைப் பிடித்தார். "கூடவே சின்னதா ஒரு படம். துக்க வீட்டுலயும் கடமை தவறாத பெண்மணின்னு. நாடே உங்களைப் பார்க்கணும். நீங்க சும்மா போனைப் பார்த்துட்டிருங்க, பின்னாடி அந்தப் பந்தல் தெரியட்டும்."

"பந்தல்ல பொணம் கிடக்கு."

"முகம் தெரியாம எடுப்பாங்க."

வடிவு எழுந்தாள். மேடத்தின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். நேரே நடந்துபோய்த் தன் போனை அண்டாவில் போட்டாள். உலோகத்தில் உலோகம் விழுந்த சத்தத்தில் அழுகை நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது.

"சாவு வீட்டுக்கு வந்தவங்க போனையும் கேமராவையும் இதுல போடணும். இது எங்க கட்டு," என்றாள்.

கேமராக்காரன் மேடத்தைப் பார்த்தான். பந்தலில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றதைப் பார்த்தான். தானே வந்து போட்டான். இன்பராஜ் அவனுக்கு முன்பே போட்டிருந்தான்.

மேடம் குரலைத் தாழ்த்தினார். "வடிவு, பொழுது சாயப் போகுது. கோபத்துல என்ன செய்யறீங்கன்னு புரியுதா? உங்க வீட்டுக்காரர்..."

"புரியுது."

"அவர் செத்துடுவார்ம்மா!"

"ஆமா. இத்தனை நாள் அது எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருந்துச்சு. அதைத் தூக்கிட்டுத்தான் எந்திரிச்சேன், அதைத் தூக்கிட்டுத்தான் படுத்தேன். இப்ப நீங்க பிடிங்க." வடிவு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குரல் ஆடவில்லை. "எங்க ஆள் யாரும் இனிமே திறக்க மாட்டோம். பால் தெளிச்ச பிறகும் மாட்டோம். நீங்க ஆபீஸுக்குப் போங்க. போய் நீங்க திறங்க. நாளைக்குக் காலையில திறங்க. சாயங்காலம் திறங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் திறங்க. ஒருநாள் மறந்தா இங்க யார் யாரு போவாங்கன்னு பேர் தெரியணும்லா? வாங்க, காட்டுதேன்."

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். அங்கேதான் அவளுக்கு அன்றைக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. கேட்காமல் அத்தனை பேர் உயிரையும் எடுத்து முன்னால் வைத்துவிட்டோமே என்று. யாரும் அசையவில்லை. ஞானத்தின் மகள் ஒருத்தி, அவளும் பெட்டிக்காரி, வாயைத் திறந்து மூடினாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து உச்சிமாகாளி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான்.

"என் பேரு உச்சிமாகாளி, மேடம். நல்லாப் பாத்துக்கோங்க. மறந்திராதீங்க."

பிறகு ஞானத்தின் மகள் வந்தாள். "என் பேரு தங்கபுஷ்பம். எங்கம்மாவும் உங்க பெட்டியைத்தான் கட்டியிருந்தா." அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிலர் பேரைச் சொன்னார்கள். சிலர் சொல்லாமல் பெட்டியை மட்டும் காட்டிவிட்டு நின்றார்கள். மேடத்தின் கையில் இருந்த மாலை இன்னும் பலவேசத்தின் மேல் விழவில்லை. அதை அவர் இன்பராஜிடம் கொடுத்துவிட்டுக் காருக்கு ஓடினார்.

அன்று பொழுது சாய்ந்தது. விளக்குகள் சிவந்தன. தங்கபுஷ்பம் வடிவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உச்சிமாகாளி பலவேசத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தான். வடிவின் கட்டைவிரல் மட்டும் தன்னாலே சேலைத் தலைப்பில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பத்து எட்டில் அண்டா இருந்தது. அவள் எழவில்லை.

பந்தல் விளக்கைப் போடப் போனவன்தான் முதலில் கத்தினான். தங்கபுஷ்பத்தின் இடுப்பில் பச்சை. அடுத்து நாலு பேர். கொஞ்சம் கழித்து இன்னும் நாலு பேர். எங்கோ நகரத்தில், குளிரூட்டிய அறையில், ஒரு விரல் தளத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. உச்சிமாகாளிக்குக் கடைசியில்தான் வந்தது. வடிவு அதற்குப் பிறகுதான் பலவேசத்தின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அதன்பின் அவள் தளத்தைத் திறக்கவே இல்லை. தண்ணீர் லாரியை ஒலி கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். சில காலை விளக்கு நேரத்துக்கு வந்தது. சில காலை நெஞ்சு படபடக்கப் பிந்தி வந்தது. ஆனால் வந்தது.

மாதம் ஒன்று முடிவதற்குள் இன்பராஜ் சைக்கிளில் வந்தான். வடிவு அப்போதுதான் உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவனை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, கடிகாரம் வச்சாச்சு. நேத்து சாயங்காலத்துல இருந்து தானா ஓடுது. யாரும் திறக்க வேண்டாம்."

"யாரு வைக்கச் சொன்னா?"

"மேடம்தான்." இன்பராஜுக்குச் சிரிப்பு வந்தது. "முதல்ல ஆபீஸ்ல ஒரு பொண்ணுகிட்ட விட்டாங்க. அதுக்கு ஒருநாள் பஸ் தப்பிருச்சு. அன்னைக்கு மேடம் பதறினதைப் பார்க்கணுமே! அதுக்கப்புறம் யாரையும் நம்பலை. அவங்களேதான். அவங்க தங்கச்சி கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் போனை நோண்டிட்டு நின்னாங்களாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முகத்தைத் தூக்கிட்டாங்க. தூக்கம் சுத்தமா போச்சு. நேத்து என்னைக் கூப்பிட்டு, 'எழுதித் தொலைடா'ன்னுட்டாங்க."

"வருகைக் கணக்கு காட்டணும்னாங்களே. திட்டத்தை மூடிருவாங்கன்னு?"

"யாரும் மூடலை. கேக்கக்கூட இல்லை."

வடிவு சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். மூன்று உயிர் போனபோது வராத ஒரு வரி. அவள் தூக்கம் போனபோதும் வராத வரி.

"ஏம்ல தம்பி, அதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?"

இன்பராஜ் உற்சாகமாக நிமிர்ந்தான். "அது ஒண்ணுமே இல்லைக்கா. டீ வாங்கி வச்சுட்டு உக்காந்தேன். அது ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் வடிவின் முகத்தைப் பார்த்தான். அவன் கையிலிருந்த டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைக் குடிப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"குடில," என்றாள் வடிவு. "ஆறிறப் போவுது."